பல்முறைப் பற்றவைப்புக் கருவி

பல்முறைப் பற்றவைப்புக் கருவி என்பது ஒன்றுக்கு மேற்பட்ட மின்வில் பற்றவைப்பு முறைகளை ஒரே மின்வழங்கியின் துணையுடன் செய்ய உதவும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது மல்டி பிராசஸ் வெல்டிங் மெஷின் எனவும், மூன்று முறைகளைக் கொண்டதாயின் த்ரீ இன் ஒன் மெஷின் எனவும் அழைக்கப்படுகிறது. உறையிட்ட மின்முனைப் பற்றவைப்பு, கம்பிப் பற்றவைப்பு, டங்ஸ்டன் மின்முனைப் பற்றவைப்பு ஆகிய மூன்றும் இதில் பொதுவாக இடம்பெறும்.

இக்கருவிகள் முதலில் தொழிற்சாலைகளுக்கும் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும் உரியனவாக இருந்தன. இன்வெர்ட்டர் மின்சுற்றுகளின் விலை குறைந்த பின்னர், கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய கருவிகள் வீட்டுப் பயன்பாட்டுக்கும் வந்தன. ஆயினும் ஒரு கருவியில் எத்தனை முறைகள் உள்ளன என்பதைக் கொண்டு அதன் பயனை மதிப்பிட இயலாது. வீட்டின் மின் இணைப்பு, வளிமம் கிடைக்கும் வசதி, வேலை செய்யும் இடம் ஆகிய மூன்றுமே அக்கருவியை உண்மையில் எவ்வளவு பயன்படுத்த முடியும் என்பதை முடிவு செய்கின்றன. இக்கட்டுரை, காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழில் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வீட்டுப் பட்டறைக்கு இக்கருவி எவ்வாறு பொருந்தும் என்பதை விளக்குகிறது.

வரலாறு

மின்வில்லின் வெப்பத்தைக் கொண்டு உலோகங்களை இணைக்கும் முறை 1880களில் உருப்பெற்றது. உருசியப் பேரரசைச் சேர்ந்த நிக்கொலாய் பெனார்தோசு கரி மின்முனையைப் பயன்படுத்தினார். 1888 இல் நிக்கொலாய் சிலாவியானொவ் உருகும் உலோக மின்முனையைப் பயன்படுத்தினார். சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆசுக்கர் செல்பெரி, மின்முனையின் மீது இளக்கிப் பூச்சு இடும் முறையை உருவாக்கி, 1904 இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று கிரில் பட்டறைகளில் காணப்படும் வெல்டிங் ராடு இப்பூச்சு முறையின் வழிவந்ததே.

1940களின் தொடக்கத்தில், வானூர்தி உற்பத்தியில் பயன்பட்ட மக்னீசியம் போன்ற உலோகங்களை இணைப்பதற்காக டங்ஸ்டன் மின்முனை முறை அமெரிக்காவில் உருவானது. 1948 இல் அங்குள்ள பாட்டெல் நினைவு நிறுவனத்தில் வளிமக் காப்புடன் கூடிய தொடர் கம்பி முறை உருவாக்கப்பட்டது. 1950களில் விலை மலிவான கார்பன்-டை-ஆக்சைடு காப்பு வளிமமாகப் பயன்படத் தொடங்கியதும், கம்பி முறை எஃகு வேலைகளில் விரைவாகப் பரவியது.

இம்முறைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி தேவைப்பட்டது. 1970களின் இறுதியில் வந்த இன்வெர்ட்டர் மின்வழங்கிகள் இந்நிலையை மாற்றின. வெளியீட்டு மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் மின்னணுச் சுற்று ஆணையிடும் வகையில் அமைந்ததால், ஒரே வன்பொருளைப் பல முறைகளுக்கு ஏற்ப இயக்குவது எளிதாயிற்று.

இந்தியாவில் பற்றவைப்புத் தொழில்நுட்பத்துக்கான முக்கிய நிறுவனம் தமிழ்நாட்டில் உள்ளது. பாரத மிகுமின் நிறுவனத்தின் திருச்சிராப்பள்ளி வளாகத்தில் 1975 இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது.

செயற்படும் முறை

மரபான மின்மாற்றிக் கருவியில் 50 எர்ட்சு அலைவெண் கொண்ட மின்சாரம் பெரிய இரும்பு உள்ளகத்தின் வழியே குறைந்த மின்னழுத்தமாக மாற்றப்படுகிறது. அலைவெண் குறைவாக இருப்பதால் உள்ளகம் பெரிதாகவும் எடை மிகுந்ததாகவும் இருக்கும். இன்வெர்ட்டர் கருவியில், உள்வரும் மாறுதிசை மின்சாரம் முதலில் நேர்மின்சாரமாக்கப்படுகிறது. பின்னர் குறைக்கடத்தி நிலைமாற்றிகள் அதனைப் பல்லாயிரம் எர்ட்சு அலைவெண்ணில் நறுக்குகின்றன. இவ்வுயர் அலைவெண்ணில் சிறிய மின்மாற்றியே போதுமானது. இறுதியில் மின்சாரம் மீண்டும் நேர்மின்சாரமாக்கப்பட்டு மின்வில்லுக்குச் செல்கிறது.

பற்றவைப்பு முறைகளுக்குத் தேவையான மின் இயல்புகள் வேறுபட்டவை. ராடு முறையிலும் டங்ஸ்டன் முறையிலும் கை சற்று அசைந்து வில்லின் நீளம் மாறினாலும், மின்னோட்டம் பெரிதும் மாறாதிருக்க வேண்டும். இது மாறா மின்னோட்ட இயல்பு எனப்படும். கம்பி முறையில் கம்பி ஒரே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். எனவே மின்னழுத்தம் மாறாதிருந்து, வில்லின் நீளத்துக்கு ஏற்ப மின்னோட்டம் தானே கூடிக் குறைய வேண்டும். இது மாறா மின்னழுத்த இயல்பு எனப்படும். இவ்விரு இயல்புகளையும் ஒரே சுற்றில் தருவதே பல்முறைக் கருவியின் அடிப்படை.

உள்ளடங்கும் முறைகள்

உறையிட்ட மின்முனைப் பற்றவைப்பு: இது ராடு வெல்டிங் அல்லது ஆர்க் வெல்டிங் என அறியப்படுகிறது. ராட்டின் பூச்சு எரிந்து காப்பு வளிமத்தையும் கசடையும் உண்டாக்குவதால் தனி வளிம உருளை தேவையில்லை. திறந்த வெளியில் காற்று வீசும்போதும் வேலை செய்யலாம். பொது வேலைகளுக்கு ஈ6013 வகை ராடு பரவலாகப் பயன்படுகிறது. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிப்புள்ள குழாய்களில் ஓட்டை விழாமல் வேலை செய்ய நல்ல கைப்பழக்கம் தேவை.

வளிமக் காப்புக் கம்பிப் பற்றவைப்பு: இது மிக் வெல்டிங் எனப்படுகிறது. கார்பன்-டை-ஆக்சைடு பயன்படுத்தப்படுவதால், தொழிற்சாலைப் பகுதிகளில் இதனை சிஓ2 வெல்டிங் என்றே தொழிலாளர்கள் குறிப்பிடுவர். சுருளில் இருந்து கம்பி தொடர்ந்து வருவதால் வேலை விரைவாக முடியும். 0.8 மில்லிமீட்டர் கம்பி மெல்லிய குழாய்களுக்கும் தகடுகளுக்கும் ஏற்றது.

இளக்கி உட்கொண்ட கம்பிப் பற்றவைப்பு: கம்பியின் உள்ளே இளக்கித் தூள் நிரப்பப்பட்டிருக்கும். தானே காப்பளிக்கும் வகைக் கம்பிக்கு வளிம உருளை தேவையில்லை. ஆனால் திட்டக் கம்பியைவிடப் புகையும் தெறிப்பும் மிகுதி. திட்டக் கம்பிக்குத் துப்பாக்கி நேர்முனையில் இணைக்கப்படும். தானே காப்பளிக்கும் கம்பிகளில் பெரும்பாலானவற்றுக்கு எதிர்முனையில் இணைக்கப்படும். எனவே முனைகளை மாற்றி இணைக்கும் வசதி கருவியில் இருக்க வேண்டும்.

டங்ஸ்டன் மின்முனைப் பற்றவைப்பு: இது டிக் வெல்டிங் எனவும், தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் எனவும் வழங்கப்படுகிறது. உருகாத டங்ஸ்டன் முனையில் வில் எரிய, நிரப்புக் கம்பியை மறு கையால் கொடுக்க வேண்டும். துருவேறா எஃகு வேலைகளில் தூய்மையான இணைப்பைத் தரும். வேகம் குறைவு, பயிற்சி மிகுதியாகத் தேவை.

அலுமினியம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. டிக் வசதி இருந்தால் அலுமினியத்தையும் இணைக்கலாம் எனப் பலர் கருதுகின்றனர். அலுமினியத்தின் மேற்பரப்பில் உள்ள ஆக்சைடு படலம் உலோகத்தைவிட மிக உயர்ந்த வெப்பநிலையில் உருகுவது. அதனை நீக்கிக்கொண்டே வேலை செய்ய, டிக் முறையில் பொதுவாக மாறுதிசை மின்னோட்டம் தேவை. விலை குறைந்த பல்முறைக் கருவிகளில் பெரும்பாலானவை நேர்மின்னோட்டத்தை மட்டுமே தருவன.

திருப்பெரும்புதூர் - ஒரகடம் வட்டாரம்

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உள்ள திருப்பெரும்புதூரையும், சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் உள்ள ஒரகடத்தையும் சூழ்ந்து, இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் முதலிய சிப்காட் தொழிற்பூங்காக்கள் அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் சிற்றுந்து உற்பத்தி 1998 இல் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட் - நிசான் கூட்டுத் தொழிற்சாலை 2010 இலும், டைம்லர் நிறுவனத்தின் சரக்குந்துத் தொழிற்சாலை 2012 இலும், ராயல் என்பீல்டு நிறுவனத்தின் தொழிற்சாலை 2013 இலும் இயங்கத் தொடங்கின. இவற்றுக்கு உதிரிப்பாகம் வழங்கும் நிறுவனங்களும் இங்கு உள்ளன. பற்றவைப்புப் பொருட்களைத் தயாரிக்கும் ஈசாப் இந்தியா நிறுவனத்துக்கும் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை உண்டு.

ஊர்தித் தொழிலில் பற்றவைப்பு ஓர் அடிப்படைச் செயல்முறை. சிற்றுந்தின் உடற்பகுதித் தகடுகள் பெரும்பாலும் இயந்திரக் கைகளால் புள்ளிப் பற்றவைப்பு முறையில் இணைக்கப்படுகின்றன. அடிச்சட்டம், புகைபோக்கி போன்ற பாகங்களுக்குக் கம்பிப் பற்றவைப்பு பயன்படுகிறது. எனவே இவ்வட்டாரத்தில் கம்பிப் பற்றவைப்பில் பழகிய தொழிலாளர்கள் பலர் உள்ளனர். தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு வெல்டர் பிரிவு முடித்த இளைஞர்களும் இங்கு வேலைக்கு வருகின்றனர். வீட்டு வாயிற்கதவு, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டித் தாங்கி போன்றவற்றைத் தாமே செய்துகொள்ள இவர்கள் விரும்புவது இயல்பே.

ஆனால் தொழிலாளியின் திறமை வீட்டுக்கு வருவதுபோல் தொழிற்சாலையின் வசதிகள் வீட்டுக்கு வருவதில்லை. தொழிற்சாலையில் மும்முனை மின்சாரம், சீரான வளிம வழங்கல், புகை உறிஞ்சிகள், முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட மின்னோட்ட, மின்னழுத்த அளவுகள் ஆகியன உண்டு. தீயணைப்பு ஏற்பாடும் அருகிலேயே இருக்கும். வீட்டில் ஒருமுனை மின்சாரமும், வண்டி நிறுத்தும் இடமும், ஒரு மேசை விசிறியுமே இருக்கக்கூடும். தொழிற்சாலையில் நாள் முழுதும் எளிதாக ஓடிய அதே முறை வீட்டில் தடுமாறுவதற்குக் காரணம் இவ்வேறுபாடே.

வீட்டு மின் இணைப்பும் கருவியின் அளவும்

கருவியின் பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் 200 ஆம்பியர் போன்ற எண், வில்லில் பாயும் மின்னோட்டத்தைக் குறிப்பது. சுவரில் உள்ள மின்செருகியில் இருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் வேறு. ஐஈசி 60974-1 என்னும் பன்னாட்டுத் தரநிலை, ஒவ்வொரு முறைக்கும் வில்லின் மின்னழுத்தத்தைக் கணிக்க எளிய வாய்பாடுகளைத் தருகிறது.

- ராடு முறை: 20 + (0.04 × மின்னோட்டம்) வோல்ட்
- கம்பி முறை: 14 + (0.05 × மின்னோட்டம்) வோல்ட்
- டங்ஸ்டன் முறை: 10 + (0.04 × மின்னோட்டம்) வோல்ட்

எடுத்துக்காட்டாக, ராடு முறையில் 120 ஆம்பியருக்கு வில்லின் மின்னழுத்தம் 24.8 வோல்ட். வில்லின் திறன் 24.8 × 120 = 2976 வாட். கருவியின் பயனுறுதிறன் 85 விழுக்காடு எனக் கொண்டால், சுவரில் இருந்து ஏறத்தாழ 3500 வாட் வர வேண்டும். திறன் காரணித் திருத்தம் இல்லாத கருவியின் திறன் காரணியை 0.7 எனக் கொண்டால், இது 5000 வோல்ட்-ஆம்பியர் ஆகிறது. 230 வோல்ட்டில் இதற்கு ஏறத்தாழ 22 ஆம்பியர் தேவை.

இதே கணக்கின்படி, 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தில் இருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் தோராயமாகப் பின்வருமாறு அமையும்.

- டங்ஸ்டன் முறை, 100 ஆம்பியர்: 10 ஆம்பியர்
- ராடு முறை, 90 ஆம்பியர்: 15.5 ஆம்பியர்
- ராடு முறை, 120 ஆம்பியர்: 22 ஆம்பியர்
- கம்பி முறை, 150 ஆம்பியர்: 24 ஆம்பியர்
- ராடு முறை, 200 ஆம்பியர்: 41 ஆம்பியர்

இந்திய வீடுகளில் பவர் பிளக் என வழங்கப்படும் பெரிய மின்செருகியின் அளவு 16 ஆம்பியர். எனவே சாதாரண வீட்டுச் செருகியில் 2.5 மில்லிமீட்டர் ராட்டை 90 ஆம்பியர் வரை பயன்படுத்தலாம். 3.15 மில்லிமீட்டர் ராட்டுக்கு 120 ஆம்பியர் வைத்தால் அச்செருகியின் அளவு மீறப்படும். 200 ஆம்பியர் கருவியை அதன் முழு அளவில் இயக்க எந்த வீட்டுச் செருகியாலும் இயலாது. அவ்வெண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர், தம் வீட்டில் ஒருபோதும் பயன்படுத்த முடியாத திறனுக்கு விலை கொடுக்கிறார் எனலாம்.

திறன் காரணித் திருத்தம் உள்ள கருவியில் நிலைமை மாறுபடும். திறன் காரணி 0.98 ஆக இருந்தால், மேற்கூறிய 120 ஆம்பியர் வேலைக்குச் சுவரில் இருந்து 15.5 ஆம்பியர் போதும். இத்தகைய கருவிகள் விலை கூடியவை. ஆயினும் ஒருமுனை மின்சாரம் மட்டும் உள்ள வீட்டில், கூடுதலாக ஒரு பற்றவைப்பு முறையைப் பெறுவதைவிட இவ்வசதியைப் பெறுவது பயனுள்ளது.

நீட்டிப்புக் கம்பியாலும் இழப்பு உண்டாகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 30 மீட்டர் நீட்டி 20 ஆம்பியர் இழுத்தால், போகவரச் சேர்த்து ஏறத்தாழ 15 வோல்ட் குறையும். மாலை நேரங்களில் ஏற்கனவே மின்னழுத்தம் குறைந்துள்ள ஊர்ப்பகுதிகளில், இது வில் அணைந்து அணைந்து எரியக் காரணமாகும். கம்பியும் சூடேறும். பற்றவைப்புக் கருவிக்கெனப் பகிர்மானப் பலகையில் இருந்து தனிக் கம்பியும், சி வகை எம்சிபியும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும், முறையான நில இணைப்பும் அமைப்பது சரியான வழி. இவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

வீட்டு மின் இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டச் சிக்கலை உண்டாக்கும். அனுமதிக்கப்பட்ட நோக்கம் அல்லாத வேறு நோக்கத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவதை, மின்சாரச் சட்டம் 2003 இன் 126 ஆம் பிரிவு அனுமதியற்ற பயன்பாடாகக் கருதுகிறது. கூலிக்கு வேலை எடுத்துச் செய்ய எண்ணுவோர் அதற்குரிய கட்டண வகையில் இணைப்புப் பெற வேண்டும்.

பணிச்சுழற்சி

பத்து நிமிடங்களில் எத்தனை நிமிடங்கள் ஒரு கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கும் விழுக்காடு பணிச்சுழற்சி எனப்படும். 200 ஆம்பியரில் 20 விழுக்காடு என்றால், இரண்டு நிமிடம் பற்றவைத்தபின் எட்டு நிமிடம் ஆறவிட வேண்டும். குறைந்த மின்னோட்டத்தில் இவ்விழுக்காடு கூடும். மின்னோட்டத்தின் இருமடியைப் பணிச்சுழற்சியால் பெருக்கினால் ஏறத்தாழ மாறாத எண் கிடைக்கும் என்பது தோராய விதி. அதன்படி, மேற்கூறிய கருவி 60 விழுக்காட்டில் ஏறத்தாழ 115 ஆம்பியரையும், 100 விழுக்காட்டில் ஏறத்தாழ 89 ஆம்பியரையும் தரும்.

எனவே இரு கருவிகளை ஒப்பிடும்போது அவற்றின் உச்ச அளவுகளை ஒப்பிடுவதில் பயனில்லை. 60 விழுக்காட்டில் தரும் அளவுகளை ஒப்பிட வேண்டும். ஐஈசி 60974-1 தரநிலை இவ்வளவீட்டை 40 பாகை செல்சியசு வெப்பநிலைக்கு வரையறுக்கிறது. அதைவிடக் குளிர்ந்த சூழலில் அளக்கப்பட்ட எண் பெரிதாகத் தோன்றும். சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளில் மே மாதத்தில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரையின் கீழ் அது மேலும் கூடும். அளவீட்டு வெப்பநிலை குறிப்பிடப்படாத கருவியின் பணிச்சுழற்சி எண்ணை நம்புவது கடினம்.

ராடு முறையில் பணிச்சுழற்சிச் சிக்கல் குறைவு. 2.5 மில்லிமீட்டர் ராடு ஒன்று ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எரிந்து முடியும். கசடு தட்டி, அடுத்த ராடு மாட்டும் நேரத்தில் கருவி ஆறிவிடும். கம்பி முறையில் அத்தகைய இடைவேளை தானாக வருவதில்லை.

காப்பு வளிமம்

கம்பி முறைக்குத் தூய கார்பன்-டை-ஆக்சைடோ, ஆர்கானுடன் அதனைக் கலந்த வளிமமோ பயன்படுகிறது. கலவை விலை கூடியது, தெறிப்பு குறைவு. டங்ஸ்டன் முறைக்குத் தூய ஆர்கான் தேவை. ஆகவே மூன்று முறைகளையும் பயன்படுத்த எண்ணுவோருக்கு ஓர் உருளை போதாது. இரண்டு உருளைகளும் இரண்டு அழுத்தச் சீராக்கிகளும் வேண்டும். கருவியின் விலையை மட்டும் பார்ப்போர் இச்செலவைக் கணக்கில் கொள்வதில்லை.

150 பார் அழுத்தத்தில் நிரப்பப்பட்ட 10 லிட்டர் ஆர்கான் உருளையில் ஏறத்தாழ 1500 லிட்டர் வளிமம் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் இது ஏறத்தாழ இரண்டரை மணி நேர வில்லுக்குப் போதும். எப்போதாவது வேலை செய்பவருக்கு இது பல மாதங்கள் வரலாம். ஆனால் இணைப்பில் சிறு கசிவு இருந்தால் உருளை பயன்படுத்தாமலே காலியாகும்.

அழுத்த உருளைகள் வளிம உருளை விதிகள் 2016 இன் கீழ் வருவன. உருளையை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வைக்க வேண்டும். ஆர்கானும் கார்பன்-டை-ஆக்சைடும் காற்றைவிட அடர்த்தியானவை. மூடிய அறையில் கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். ஆர்கானுக்கு மணமும் இல்லை. எனவே உருளையைப் படுக்கையறையிலோ மூடிய அறையிலோ வைத்தல் கூடாது.

வெப்பத்தைத் தணிக்க விசிறி போடும் பழக்கம் வளிமக் காப்பு முறைகளுக்குப் பொருந்தாது. நொடிக்கு 2 மீட்டர் வேகக் காற்றே காப்பு வளிமத்தைக் கலைத்து, இணைப்பில் நுண்துளைகள் விழச் செய்யக்கூடும். விசிறியை நிறுத்தினால் புகை தேங்கும். இவ்விரண்டுக்கும் இடையில், புகையைப் பக்கவாட்டில் இழுத்து வெளியேற்றும் மென்மையான காற்றோட்டமே தேவை.

பாதுகாப்பு

மின்னதிர்ச்சி: ராடு முறையில் வில் எரியாதபோது முனையில் 50 முதல் 80 வோல்ட் வரை இருப்பது வழக்கம். உலர்ந்த கையுறை அணிந்தவருக்கு இதனால் இடர் குறைவு. வியர்வையில் நனைந்த உடலுக்கும் ஈரத்தரையில் நிற்பவருக்கும் இது உயிரைப் பறிக்கக்கூடியது. வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த முற்றத்தில் வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும். வில் எரியாதபோது மின்னழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு உள்ள கருவி விரும்பத்தக்கது.

புகை: உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2017 இல் பற்றவைப்புப் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவன அடங்கிய முதல் பிரிவில் சேர்த்தது. துத்தநாகம் பூசிய குழாய்களைப் பற்றவைத்தால் உலோகப் புகைக் காய்ச்சல் வரக்கூடும். இணைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து நீக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் துப்புரவு நீர்மங்கள் வில்லின் வெப்பத்தில் நச்சு வளிமமாகிய பொசுஜீனாக மாறலாம். அவற்றால் துடைத்த பாகத்தைப் பற்றவைத்தல் கூடாது.

கதிர்: வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் எரிக்கும். வேலை செய்பவர் முகக்கவசம் அணிந்திருந்தாலும், வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் காப்பு இருப்பதில்லை. திரை கட்டுவது தேவை.

தீயும் வெடிப்பும்: எரிபொருள் இருந்த கலனைப் பற்றவைப்பது மிகவும் ஆபத்தானது. பெட்ரோல் தீர்ந்த வண்டித் தொட்டியில் எஞ்சியிருக்கும் ஆவியே வெடிக்கக் கூடியது. கலன் காலியாகத் தோன்றுவதால் அது பாதுகாப்பானது ஆகிவிடாது. வண்டி நிறுத்தும் இடத்திலேயே பட்டறை அமைப்போர், வேலைக்கு முன் வண்டிகளை வெளியே எடுத்துவிட வேண்டும். தெறித்த பொறி பல நிமிடங்கள் கழித்தும் தீயாகலாம் என்பதால், வேலை முடிந்தபின் அரை மணி நேரமாவது அவ்விடத்தைக் கவனிக்க வேண்டும்.

ஊர்திகள்: வண்டியின் பாகத்தை அதிலேயே வைத்துப் பற்றவைக்கும்போது மின்கலத் தொடர்பை நீக்க வேண்டும், இல்லையேல் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பழுதாகக்கூடும். இருசக்கர வண்டியின் அடிச்சட்டம், திருப்பும் பகுதி, பிரேக் பகுதி ஆகியன வீட்டில் பற்றவைக்கத் தக்கன அல்ல. இப்பாகங்களில் இணைப்பு விட்டால் அதன் விளைவு சாலையில் நேரும்.

தனிக்கருவியுடன் ஒப்பீடு

பல்முறைக் கருவியின் நன்மைகள்:
- குறைந்த இடத்தில் பல முறைகள் கிடைக்கின்றன. வாடகை வீட்டில் இருப்போருக்கும் அடிக்கடி இடம் மாறுவோருக்கும் இது முக்கியம்.
- மெல்லிய குழாய்க்குக் கம்பி, வெளிப்புற வேலைக்கு ராடு என வேலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.
- பற்றவைப்புப் பயில்வோர் பல முறைகளையும் பழகிப் பார்க்க இயலும்.

குறைகள்:
- ஒரு மின்னணுப் பலகை பழுதானால் எல்லா முறைகளும் ஒன்றாக நின்றுவிடக்கூடும்.
- டங்ஸ்டன் முறை பெரும்பாலும் எளிய வடிவிலேயே தரப்படும். சில கருவிகளில் வளிமத்தைத் தானே திறந்து மூடும் அடைப்பிதழோ, உயர் அலைவெண் தொடக்கமோ, கால்மிதியோ இராது.
- டங்ஸ்டன் கைப்பிடியையும் வளிமச் சீராக்கியையும் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம்.
- ராடு மட்டும் போதும் என்ற நிலையில், அதற்கான தனி இன்வெர்ட்டர் கருவி மலிவானது, எடை குறைந்தது, பழுதுபார்க்க எளியது.

தேர்வு செய்தல்

கருவியில் தொடங்கி வேலையைத் தேடுவதைவிட, வேலையில் தொடங்கிக் கருவிக்கு வருவது முறை. ஆண்டுக்கு ஓரிரு முறை வாயிற்கதவின் கீலையோ கிரில்லையோ சரிசெய்ய வேண்டியவருக்கு ராடு கருவி போதும்; அருகிலுள்ள பட்டறையில் கொடுத்துச் செய்வது அதனினும் மலிவாக இருக்கலாம். 1.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள சதுரக் குழாய்களில் மேசை, அலமாரி, தாங்கி போன்றவற்றை அடிக்கடி செய்பவருக்குக் கம்பி முறை பெரிதும் உதவும். அவருக்குப் பல்முறைக் கருவி பொருத்தமானது. துருவேறா எஃகே முதன்மை வேலை எனில், நல்ல தனி டிக் கருவி மேலானது. அத்தகைய கருவிகளில் ராடு முறையும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அலுமினியம் தேவை எனில் மாறுதிசை மின்னோட்டம் தரும் டிக் கருவியை நாட வேண்டும்.

வாங்குமுன் கருவியின் விவரப் பலகையில் காண வேண்டியவை:
- 60 விழுக்காட்டுப் பணிச்சுழற்சியில் தரும் மின்னோட்டமும், அதனை அளந்த வெப்பநிலையும்
- சுவரில் இருந்து இழுக்கும் உச்ச மின்னோட்டமும் பயனுறு மின்னோட்டமும்
- திறன் காரணி
- குறைந்த உள்வரும் மின்னழுத்தத்தில் இயங்கும் எல்லை
- முனைகளை மாற்றும் வசதி
- ஏற்கும் கம்பிச் சுருளின் அளவு: 1, 5 அல்லது 15 கிலோகிராம்

துப்பாக்கியின் முனை, உருளைச் சக்கரம் போன்ற தேயும் பாகங்கள் உள்ளூரில் கிடைக்க வேண்டும். இன்றியமையாத இப்பாகங்கள் பொதுவான இணைப்பு அளவில் இருந்தால் எளிதில் வாங்கலாம். ஒரு நிறுவனத்துக்கே உரிய அளவாயின், அவை கிடைக்காத நாளில் கருவி பயனற்றுப்போகும். பழுதுபார்க்கும் நிலையம் எங்குள்ளது என்பதையும் வாங்குமுன் கேட்டறிய வேண்டும். உத்தரவாதம் இருந்தும் கருவியை வெளிமாநிலத்துக்கு அனுப்ப வேண்டிய நிலை ஏற்பட்டால், போக்குவரத்துச் செலவும் காத்திருப்பும் சேரும்.

கையுறை, முகக்கவசம், தனி மின்கம்பி, துண்டிப்பான், தீயணைப்பான், உருளை, சீராக்கி ஆகியவற்றின் செலவை முதலில் ஒதுக்கி, எஞ்சும் தொகைக்குள் கருவியைத் தேர்வு செய்வது நன்று. முழுத் தொகையையும் கருவிக்கே செலவிட்டு, பழைய செருகியிலும் திறந்த கண்ணுடனும் வேலை தொடங்குவதே வீட்டுப் பட்டறைகளில் நேரும் பெரும் தவறு. தொழிற்சாலையில் பாதுகாப்பு வேறொருவரின் பொறுப்பிலும் உள்ளது. வீட்டில் அப்பொறுப்பு முழுவதும் கருவியை வாங்குபவரையே சாரும்.

வழக்குச் சொற்கள்

- பற்றவைப்பு - வெல்டிங்
- உறையிட்ட மின்முனை - வெல்டிங் ராடு
- மின்முனைப் பிடிப்பான் - ஹோல்டர்
- வளிமக் காப்புக் கம்பிப் பற்றவைப்பு - மிக், சிஓ2 வெல்டிங்
- டங்ஸ்டன் மின்முனைப் பற்றவைப்பு - டிக், ஆர்கான் வெல்டிங்
- வளிம உருளை - சிலிண்டர்
- அழுத்தச் சீராக்கி - ரெகுலேட்டர்
- ஒருமுனை, மும்முனை மின்சாரம் - சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ்

இவற்றையும் பார்க்க

- பற்றவைத்தல்
- மின்வில்
- மின்மாற்றி
- திறன் காரணி
- ஒரகடம்
- திருப்பெரும்புதூர்